ஜனவரி ஒன்றாம் தேதிப் பட்டியல்

ஆண்டின் முதல் நாள் காலையில், டெல்லியிலுள்ள பாகிஸ்தான் தூதரக அதிகாரி ஒருவரிடம் நமது வெளியுறவு அமைச்சகம் ஒரு பட்டியலைக் கொடுக்கிறது. அதே வேளையில் இஸ்லாமாபாதில் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவரிடம் பாகிஸ்தான் தன் பட்டியலைக் கொடுக்கிறது. பாகிஸ்தான் வெளியிடும் அறிக்கைகளில் சில ஆண்டுகள் நேரமும் குறிப்பிடப்பட்டிருக்கும்: அங்கே பத்தரை, இங்கே பதினொன்று. இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் அரை மணி வித்தியாசம் என்பதால் இரண்டும் ஒரே நேரம்தான். யார் முதலில் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டியலில் இருப்பவை அணுசக்தி நிலையங்களும் அவை அமைந்துள்ள இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையும். இந்த இடங்கள்மேல் கைவைக்க மாட்டோம் என்று இரண்டு பகை நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்த வாக்கை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். 1992 ஜனவரி 1 அன்று தொடங்கியது. 2026-இல் நடந்தது 35-ஆவது பரிமாற்றம். நடுவில் ஓர் ஆண்டுகூட விட்டுப்போகவில்லை.

மறுநாள் நாளிதழில் இதற்கு உள்பக்கத்தில் நாலு வரி கிடைக்கும். சில ஆண்டுகள் அதுவும் இல்லை.

டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழர்களில் பலருக்கு ஜனவரி 1 காலை மலை மந்திரில் சுவாமிநாத சுவாமியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு தமிழ்ச் சங்கம், உறவினர் வீடு. மத்திய அரசு வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் குடியேறி, ஓய்வுபெற்ற பின்னும் டெல்லியை விட மனமில்லாமல் தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் சாந்திபத் சாலை. பாகிஸ்தான் தூதரகமும் சீனத் தூதரகமும் அந்த ஒரே சாலையில்தான் இருக்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் தூதரகங்களும் அங்கேதான். உலகில் அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஆறின் கொடிகளை அந்தச் சாலையில் ஒரு நடை நடந்தாலே பார்த்துவிடலாம். இவ்வளவு அருகில் வாழ்கிற நமக்கு அந்தப் பட்டியலைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது வியப்புதான்.

அந்தப் பட்டியல் வெறும் சடங்கு என்பார்கள். ஒருவகையில் சரிதான். ஆனால் தெற்காசியாவில் அணுப்போர் ஆபத்தைக் குறைக்க இதுவரை செய்யப்பட்டவற்றில் ஒருமுறையும் அறுபடாமல் நிற்பது இந்தச் சடங்குதான். அது ஏன் நிற்கிறது என்று பார்த்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

அச்சத்தில் பிறந்த ஒப்பந்தம்

1981 ஜூன் 7 அன்று இராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் விமானங்கள் குண்டு வீசி அழித்தன. கஹூதாவில் யுரேனியம் செறிவூட்டும் ஆலையைக் கட்டிக்கொண்டிருந்த பாகிஸ்தானுக்கு அன்றிலிருந்து ஒரே கவலை: இந்தியாவும் இப்படிச் செய்துவிட்டால்? பம்பாய்க்குப் பக்கத்தில் டிராம்பேயை வைத்திருந்த இந்தியாவுக்கும் பதில் தாக்குதலைப் பற்றிய கவலை இருந்தது. 1985 டிசம்பர் 17 அன்று டெல்லி வந்த ஜியா உல் ஹக்கும் ராஜீவ் காந்தியும் ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் வர மூன்று ஆண்டுகள் ஆயின. 1988 டிசம்பர் 31 அன்று, சார்க் மாநாட்டுக்காக ராஜீவ் இஸ்லாமாபாத் போயிருந்தபோது, இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் கே.பி.எஸ். மேனனும் ஹுமாயூன் கானும் கையெழுத்திட்டார்கள். அப்போது ஜியா இல்லை. பேநசீர் புட்டோ பிரதமராகியிருந்தார். 1991 ஜனவரி 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

மிகச் சிறிய ஒப்பந்தம். நட்பு, சகோதரத்துவம் என்று பெரிய பேச்சு எதுவும் அதில் கிடையாது. உலைகள், எரிபொருள் ஆலைகள், செறிவூட்டும் ஆலைகள், மறுசுழற்சி ஆலைகள், கதிரியக்கப் பொருள்களைப் பெருமளவில் வைத்திருக்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ சேதம் விளைவிக்கும் எதிலும் ஈடுபடுவதில்லை; ஆண்டுதோறும் ஜனவரி 1-க்குள் இடவிவரம் தர வேண்டும். அவ்வளவுதான். எதிரியை நம்பு என்று அது யாரையும் கேட்கவில்லை. அவன் உலை வெடித்தால் காற்று நம் பக்கமும் வீசும் என்பதை மட்டும் நினைவில் வை என்கிறது.

அதனால்தான் 2002 ஜனவரி 1 அன்றும் பட்டியல் கைமாறியது. நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். இரு நாட்டுப் படைகளும் எல்லையில் குவிந்துகொண்டிருந்தன. மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்தே வாரத்தில், 2009 ஜனவரி 1 அன்றும் கைமாறியது. 2019 ஆகஸ்டுக்குப் பின் இரு தலைநகரங்களிலும் தூதர்களே இல்லை, அப்போதும் நின்றுவிடவில்லை. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் படுகொலைக்குப் பின் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது, பாகிஸ்தான் தூதரகத்தின் ராணுவ ஆலோசகர்களை வெளியேற்றியது, தூதரக ஊழியர் எண்ணிக்கையை 55-லிருந்து 30-ஆகக் குறைத்தது. மே மாதம் நான்கு நாள் சண்டை. இத்தனைக்கும் பிறகு 2026 ஜனவரி 1 அன்று, இருந்த சொற்ப ஊழியர்களில் ஒருவரிடம் பட்டியல் கொடுக்கப்பட்டது.

வெளியுலகம் இந்த விஷயத்தில் எங்கே போய்விட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் முதல் உக்ரைனின் ஜப்போரிஷியா அணுமின் நிலையம் போர்க்களத்தின் நடுவே கிடக்கிறது. 2025 ஜூனில் இரானின் நதான்ஸ், ஃபோர்தோ, இஸ்ஃபஹான் நிலையங்களை இஸ்ரேலும் அமெரிக்காவும் தாக்கின. அமெரிக்கா, ரஷ்யா இரண்டின் நெடுந்தூர அணுவாயுத எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்திருந்த கடைசி ஒப்பந்தமான நியூ ஸ்டார்ட்டின் ஆயுள் 2026 பிப்ரவரி 5 அன்று முடிந்துபோனது. உலகத்துக்கே பாடம் எடுத்த வல்லரசுகள் தங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருக்க, பொறுப்பற்றவர்கள் என்று அவர்கள் எப்போதும் ஏளனம் செய்த தெற்காசியர்கள் தங்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெருமைப்படலாம். அந்தப் பெருமை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்: மியான் சன்னு.

தவறிப் போன பிரம்மோஸ்

2022 மார்ச் 9 மாலை, இந்தியாவிலிருந்து கிளம்பிய ஒரு பிரம்மோஸ் ஏவுகணை சர்வதேச எல்லையைத் தாண்டி, பாகிஸ்தான் வான்வெளியில் 124 கிலோமீட்டர் பறந்து, பஞ்சாப் மாகாணத்தின் மியான் சன்னு என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. கிளம்பியதிலிருந்து விழும்வரை ஏழு நிமிடம் என்று பாகிஸ்தான் ராணுவம் கணக்குச் சொன்னது. தலையில் வெடிகுண்டு இல்லை, யாரும் சாகவில்லை. பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் மறுநாள் மாலை பத்திரிகையாளர்களைக் கூட்டி இதைச் சொன்னார். வழக்கமான பராமரிப்பு வேலையின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா ஒப்புக்கொண்டது மார்ச் 11 அன்று. ஆகஸ்டில் விமானப் படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த இரண்டு நாள்தான் என்னை உறுத்துகிறது. தவறுதலாக ஏவுகணை கிளம்புவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடிய விபத்து. பறந்துகொண்டிருக்கும்போதே, அல்லது விழுந்த மறுநிமிடமே, 'அது எங்களுடையது, தவறிப் போனது, தலையில் ஒன்றுமில்லை' என்று தொலைபேசியில் சொல்வதற்கு என்ன தடை? இரு நாட்டு ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்களுக்கு இடையே 1971 முதல் ஹாட்லைன் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

இருக்கிற இரண்டு ஒப்பந்தங்களின் இடுக்கில் அந்த ஏவுகணை நழுவிப்போனது. 2005 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை என்றால் மூன்று நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பாலும், விழும் இடம் 75 கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்க வேண்டும். பிரம்மோஸ் க்ரூஸ் ஏவுகணை. அதற்கு இது பொருந்தாது. 2007 பிப்ரவரி 21 ஒப்பந்தம் அணுவாயுதம் தொடர்பான விபத்துகளை உடனே தெரிவிக்கச் சொல்கிறது. பிரம்மோஸ் அணுவாயுதம் சுமப்பதல்ல என்பது இந்தியாவின் நிலை; அதனால் அதுவும் பொருந்தாது. சட்டப்படி எல்லாம் சரி. அந்த ஏழு நிமிடத்தில் ராடார் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் அதிகாரிக்கு மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர்கள் பதிலுக்கு எதையும் ஏவாமல் இருந்ததற்கு, எல்லையில் அப்போது பதற்றம் இல்லை என்பதும் ஒரு காரணம். அதே ஏவுகணை 2025 மே 8 இரவு தவறிப் போயிருந்தால்?

தெரிவித்தாலும் போதாது, தெரிவித்தது உரிய மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நார்வே கதை இருக்கிறது. 1995 ஜனவரி 25 அன்று வடதுருவ ஒளியை ஆராய நார்வே ஒரு ராக்கெட்டை ஏவியது. முன்கூட்டியே ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ராடார் நிலையத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கடிதம் போகவில்லை. அணுவாயுதத்துக்கு உத்தரவிடும் பெட்டி அதிபர் யெல்ட்சின் முன் திறந்து வைக்கப்படும் அளவுக்கு நிலைமை போனது. அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவர்கள் நிறைந்த ஆர்.கே.புரத்தில் இந்தக் கதையை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தபால் பிரிவில் முத்திரை குத்தி உள்ளே போன கடிதம் எத்தனை நாள் எங்கே தூங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எடுக்கப்படாத அழைப்பு

2025 மே 7 அன்று 244 மாவட்டங்களில் சிவில் பாதுகாப்பு ஒத்திகை அறிவிக்கப்பட்டிருந்தது. விடிவதற்கு முன்பே ஆபரேஷன் சிந்தூர் நடந்து முடிந்தது. ஒத்திகை நடந்த அன்றே போர்ச் செய்தி. 9-ஆம் தேதி ஐ.டி.ஓ.வில் பொதுப்பணித் துறைக் கட்டடத்தில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கை ஒலித்துப் பார்த்தார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கிரானா மலை என்ற பெயர் பறந்தது. அங்கேதான் பாகிஸ்தான் அணுகுண்டுகளை வைத்திருக்கிறது, இந்தியா அதைத் தகர்த்துவிட்டது, கதிர்வீச்சு கசிகிறது என்று வீட்டுக்கு வீடு நிபுணர்கள். மே 12 அன்று விமானப் படையின் ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதியிடம் இதைக் கேட்டபோது, அங்கே அணு நிலையம் இருப்பதைச் சொன்னதற்கு நன்றி, எங்களுக்குத் தெரியாது, நாங்கள் அதைத் தாக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலும் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமையும் சொன்னது. அந்தச் சிரிப்பைப் பலரும் ரசித்துப் பகிர்ந்தார்கள். அதற்குப் பின்னால் 1988 ஒப்பந்தம் ஒன்று இருப்பதை யாரும் பகிரவில்லை.

அந்த நான்கு நாள்களில் ஹாட்லைன் நடந்துகொண்ட விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. முதல் நாள் தாக்குதலுக்குப் பின், தன் தரப்பை விளக்க எதிர்த்தரப்புத் தலைமை இயக்குநரைத் தொடர்புகொள்ள முயன்றதாகவும், அது முகத்திலடித்தாற்போல் மறுக்கப்பட்டதாகவும் இந்திய ராணுவ நடவடிக்கைகளின் அப்போதைய தலைமை இயக்குநர் லெப்டினன்ட் ஜெனரல் ராஜீவ் கய் மே 11 அன்று சொன்னார். மே 10 பிற்பகல் 3.35-க்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மாலை ஐந்து மணிக்குத் துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்று முடிவானது. ஆக, கம்பி இருந்தது, ஆளும் இருந்தார். பேச மனமிருந்தபோது மட்டும் அது வேலை செய்தது. இடைப்பட்ட நாள்களில் ராவல்பிண்டி நூர் கான் விமானத் தளம் வரை தாக்கப்பட்டது. பாகிஸ்தானின் அணுவாயுதங்களை நிர்வகிக்கும் அமைப்பின் தலைமையகம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாம் குறிவைத்தது விமானத் தளத்தை. அதை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை. சாதாரண ஆயுதமும் அணுவாயுதமும் ஒரே வளாகத்தில், ஒரே வகை ஏவுகணையில், ஒரே கட்டளைச் சங்கிலியில் கலந்து கிடக்கும்போது குறியும் கருத்தும் வேறுவேறாகிவிடுகின்றன. அணுவாயுதமில்லாத ஏவுகணைகளுக்கென்றே தனிப் படைப்பிரிவு அமைப்பதாக பாகிஸ்தான் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. பறந்து வரும் ஏவுகணையின் தலையில் எது இருக்கிறது என்ற கேள்வி இனி இன்னும் அடிக்கடி எழும்.

கேள்விக்குப் பதில் தேட நேரமும் கிடையாது. ஜேஎன்யு-வின் இயற்பியலாளர் ஆர். ராஜாராமன், எம்.வி. ரமணா, பாகிஸ்தானியரான ஜியா மியான் ஆகியோர் சேர்ந்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தெற்காசியாவில் ஏவுகணை ஒன்று தலைநகரை எட்டப் பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. ராடாரும் செயற்கைக்கோளும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், வருவது உண்மையா பொய்யா என்று உறுதிசெய்து யோசித்து முடிவெடுக்க அவகாசம் மிஞ்சாது என்பது அவர்கள் வாதம். 1983 செப்டம்பர் 26 இரவு, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கணினி சொன்னதை சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் நம்ப மறுத்ததால் உலகம் தப்பியது. அவருக்குக் கண்டங்களைத் தாண்டும் முப்பது நிமிடத் தூரம் இருந்தது. லாகூருக்கும் டெல்லிக்கும் வான்வழியில் நானூறு கிலோமீட்டர் சொச்சம்தான்.

நம் ஊர்ப் பெயர்கள்

அணுவாயுதம் என்றால் தமிழ்நாட்டில் உடனே நினைவுக்கு வருவது பொக்ரானும் அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும். குண்டு செய்தவர்களை நினைவில் வைத்திருக்கிற நாம், அது வெடிக்காமலிருக்க யோசித்தவர்களை மறந்துவிட்டோம்.

1962 செப்டம்பர் 28 அன்று, 83 வயது ராஜாஜி வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழு அது. அணுவாயுதச் சோதனைகளை நிறுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. மூன்று வாரம் ஆவதற்குள் கியூபா நெருக்கடி. அடுத்த ஆண்டு ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் ஹாட்லைன், ஆகஸ்டில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம். ராஜாஜியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். கியூபா தந்த பயத்தால் வந்தது. ஆனால் பயம் வருவதற்கு முன்பே கதவைத் தட்டியவர்களில் ஒருவர் அவர்.

செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜியின் கதை சிக்கலானது. ராணுவத் தலைமைத் தளபதியாக 1986-87 குளிர்காலத்தில் ராஜஸ்தானில் அவர் நடத்திய பிராஸ்டாக்ஸ் பயிற்சியின் அளவைக் கண்டு, இது பயிற்சியா படையெடுப்பா என்று பாகிஸ்தான் கலங்கியது. பதிலுக்கு அதன் படைகளும் நகர்ந்தன. ஜனவரி மாதம் போர் வரும் நிலை. அந்த நாள்களில்தான் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாருக்கு, எங்களிடம் குண்டு இருக்கிறது என்ற பொருள்பட மிரட்டல் பேட்டி கொடுத்தார். 1987 பிப்ரவரி 4 அன்று படைகளைத் திரும்பப் பெற உடன்பாடு ஏற்பட்டது. பெரிய பயிற்சிகளை முன்கூட்டியே தெரிவிக்கும் 1991 ஒப்பந்தத்தின் விதை அங்கே விழுந்தது. ஓய்வுபெற்ற பின் சுந்தர்ஜி இந்திய-பாகிஸ்தான் அணுப்போரைக் கற்பனை செய்து ஒரு நூல் எழுதினார். தயாரிப்பில்லாத தலைமை எப்படிக் குருடர்கள்போல் தடவித் தடவி அழிவுக்குள் போகும் என்பதே அதன் கவலை. நெருக்கடியின் விளிம்பைத் தொட்டவர் எழுதியது என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

மூன்றாமவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக நெடுங்காலம் இருந்தவர், இன்றைய வெளியுறவு அமைச்சரின் தந்தை. இந்தியா அணுகுண்டு செய்ய வேண்டும் என்று பல்லாண்டு வாதாடினார். செய்த பிறகு, அதை முதலில் பயன்படுத்தக் கூடாது என்றும், குறைந்த எண்ணிக்கையே போதும் என்றும் வாதாடினார். அவர் தலைமையிலான குழு 1999 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவுக் கொள்கைதான், 2003 ஜனவரி 4 அன்று அரசு அறிவித்த கொள்கைக்கு அடிப்படை. வரைவில் தண்டிக்கும் பதிலடி என்றிருந்தது, 2003-இல் மாபெரும் பதிலடி என்றானது. முதலில் பயன்படுத்துவதில்லை என்பது மாறவில்லை. ஆனால் எதிர்காலத்தில் எப்படியோ, அது சூழ்நிலையைப் பொறுத்தது என்று 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பொக்ரானிலிருந்தே சொன்னார். அப்படிச் சொல்வதால் என்ன லாபம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதிரிக்கு அச்சம் கூடும் என்கிறார்கள். அச்சம் கூடிய எதிரி ஆயுதத்தைக் கிடங்கிலிருந்து எடுத்துத் தயாராக வைப்பான். நாம் பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

இரு நாடுகளும் குண்டையும் ஏவுகணையையும் தனித்தனியே வைத்திருந்த காலம் மெல்ல மாறிவருகிறது. உறைக்குள் அடைத்து ஏவத் தயாராக வைக்கும் அக்னி ரகங்கள் வந்துவிட்டன. நீர்மூழ்கிக் கப்பலில் இரண்டையும் பிரித்து வைக்க வழியே இல்லை. கடலுக்கடியில் இருக்கும் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கிறது. வடக்கே நடக்கும் சண்டை என்று கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நட்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்

பஹல்காமில் 26 பேரைக் கொன்றவர்களை வளர்த்த நாட்டோடு என்ன பேச்சு என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவர்களைப் போர்வெறியர் என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அணு ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளை நட்புக் கணக்கில் சேர்ப்பதுதான் பிழை. 2007 பிப்ரவரி 18 இரவு பானிபட் அருகே சம்ஜௌதா எக்ஸ்பிரஸில் குண்டு வெடித்து 68 பேர் செத்தார்கள். மூன்றாம் நாள் டெல்லியில் அணு விபத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. 1999 பிப்ரவரி லாகூர் பிரகடனம் கார்கிலில் செத்துப்போனது. அதோடு இணைந்த புரிந்துணர்வுக் குறிப்பில் இருந்த வாக்குறுதிகள்தாம் 2005-லும் 2007-லும் ஒப்பந்தங்களாக முளைத்தன. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அரசே இதைத்தான் நடைமுறையில் சொல்கிறது: பேச்சுவார்த்தை இல்லை, பட்டியல் உண்டு.

பட்டியல் இருக்கலாம் என்றால் அதை நீட்டவும் செய்யலாம். முதலில் க்ரூஸ் ஏவுகணைகளை 2005 ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். எல்லை தாண்டித் தவறிப் போகும் எந்த ஏவுகணையையும், தலையில் எது இருந்தாலும், சில நிமிடங்களுக்குள் ஹாட்லைனில் தெரிவிக்கும் கடமையை எழுதி வைக்க வேண்டும். சண்டை நடக்கும்போது அழைப்பை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் அந்தக் கடமையில் சேர வேண்டும். அணுவாயுதக் கட்டளை அமைப்புகளின் கணினி வலைகளில் புகுவதில்லை என்ற உறுதிமொழி, 1988 ஒப்பந்தத்தின் இயல்பான தொடர்ச்சி. உலையைத் தகர்ப்பதும் எதிரியின் கட்டளைத் திரையை இருட்டாக்குவதும் ஒரே விளைவை நோக்கித்தான் போகின்றன. அணுவாயுதத்தை ஏவும் முடிவு மனிதர் கையில்தான் இருக்கும் என்று 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள். அதே வாக்கியத்தை டெல்லியும் இஸ்லாமாபாதும் சொல்ல ஒரு பைசா செலவில்லை. அணுவாயுதங்களை உஷார் நிலையிலிருந்து இறக்குங்கள் என்று ஐ.நா.வில் 1998 முதல் தீர்மானம் கொண்டுவருவது இந்தியாதான். ஊருக்குச் சொல்வதை வாசலில் செய்து காட்டினால் அந்தத் தீர்மானத்துக்கு எடை கூடும்.

அணுவாயுதங்கள் முற்றாக ஒழிய வேண்டும் என்பவர்களுக்கு இதெல்லாம் சில்லறை வேலையாகத் தோன்றும். இலங்கை 2023-இல் அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனம் 2025 தொடக்கத்தில் போட்ட கணக்குப்படி உலகில் 12,241 குண்டுகள். இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170. இவற்றில் 250 வெடித்தால் ஐந்து கோடி முதல் பன்னிரண்டரைக் கோடி பேர் உடனடியாகச் சாவார்கள், புகை வானை மூடிப் பல நாடுகளில் பயிர் பொய்க்கும் என்று 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கடைசிக் குண்டு ஒழியும்வரை, இருக்கிற குண்டுகள் தவறுதலாக வெடிக்காமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாந்திபத்தில் பாகிஸ்தான் தூதரகத்துக்கு அண்டையில் இருக்கும் இன்னொரு நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே 2025 கணக்குப்படி சீனாவிடம் 600 குண்டுகள். வேறெந்த நாட்டையும்விட வேகமாகப் பெருகிவருகின்றன. 1964 முதல் அதுவும் முதலில் பயன்படுத்துவதில்லை என்று சொல்கிறது. ஒரே வாக்குறுதியைச் சொல்லும் இரு நாடுகள், இருபது வீரர்களை நாம் இழந்த கல்வானுக்குப் பிறகும், அணு விஷயத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கைமாற்றிக்கொண்டதில்லை. பேசினால் இந்தியாவை அணுவாயுத நாடாகச் சீனா அங்கீகரித்ததாக ஆகிவிடுமாம். பகையின் அளவைப் பார்த்தால் பாகிஸ்தானோடு பேசுவதுதான் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

அதிகாரிகள் மட்டத்தில் அணு நம்பிக்கை நடவடிக்கைகள் பற்றி இந்தியாவும் பாகிஸ்தானும் கடைசியாக உட்கார்ந்து பேசியது 2012 டிசம்பர் 28 அன்று, டெல்லியில். ஏழாவது சுற்று அது. அப்போது பிரம்மோஸ் தவறிப் போயிருக்கவில்லை, ட்ரோன்கள் கூட்டமாக எல்லை தாண்டியிருக்கவில்லை, அரிஹந்த் நீர்மூழ்கி கடலில் ரோந்து போயிருக்கவில்லை. பிரதமர்கள் கைகுலுக்க வேண்டாம், கிரிக்கெட் வேண்டாம், எட்டாவது சுற்றுக்கு இணைச் செயலர்கள் இருவர் போதும். இடம் டெல்லியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கொழும்பிலோ துபாயிலோ ஓர் ஓட்டல் அறை இருந்தால் சரி. நிகழ்ச்சி நிரலில் முதல் வரி, மியான் சன்னு.